முட்டை ஓட்டுக்குக் கால்சியம் மட்டும் போதாது

கிராக் முட்டை கூடியதும் நாமக்கல் பகுதிப் பண்ணையாளர்களில் பலர் உடனே கால்சியத்துக்காகத் தீவனத்தில் கிளிஞ்சலைக் கூட்டிவிடுகிறார்கள். கோழி மருத்துவர் என்ற முறையில் நான் முதலில் கேட்பது, ஓடு மெலிந்திருக்கிறதா, அல்லது சுருக்கம் விழுந்து சொரசொரப்பாக இருக்கிறதா என்பதைத்தான்.

ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். அது எங்கே, எந்த வடிவில் படிகமாக வேண்டும் என்பதை நெறிப்படுத்துவது, ஓட்டில் சில சதவீதமே உள்ள புரதங்கள். வெள்ளைக்கருவைச் சூழ்ந்த சவ்வின் வெளிப்பரப்பில் முதலில் புரதம் செறிந்த நுண்முடிச்சுகள் உருவாகின்றன. படிகம் அங்கிருந்துதான் வளரத் தொடங்குகிறது. சவ்வை நீக்கிய ஓட்டின் உட்புறத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், அந்த இடங்கள் குமிழ் குமிழாக நெருங்கி நிற்பது தெரியும். முட்டை ஓட்டுச் சுரப்பியில் தங்கும் ஏறக்குறைய 20 மணி நேரத்தில், ஒழுங்கற்ற நிலையில் வந்து சேரும் கால்சியம் கார்பனேட் கால்சைட் படிகமாகிறது. ஓவோக்ளைடின்-17 என்ற புரதம் இம்மாற்றத்துக்கு எவ்வாறு துணைபுரியக்கூடும் என்பதை 2010-இல் ஷெஃபீல்டு, வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி உருவகத்தில் காட்டினர். எலும்பிலும் காணப்படும் ஆஸ்டியோபான்டின் என்ற புரதம், ஓட்டின் நுண்ணமைப்பைத் தீர்மானிக்கிறது என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2018-இல் வெளியிட்டது. வெளிப்புறத்தில் அந்த அமைப்பு நுணுக்கமாக இருப்பதால் ஓடு அங்கே கடினமாகிறது. உட்புறம் சற்று மென்மையாக இருப்பதால், அடைகாக்கும்போது கரைந்து குஞ்சின் எலும்புக்குக் கால்சியம் தருகிறது. இத்தனை நுட்பமான ஏற்பாட்டை வெறும் சுண்ணாம்புக் கணக்காக நாம் பார்ப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

புரதங்களோடு சர்க்கரைச் சங்கிலிகளை இணைக்கும் நொதிகளுக்கு மாங்கனீசு தேவை. அது குறைந்தால் முடிச்சுகளின் அமைப்பே கெட்டு, கால்சியம் போதிய அளவு இருந்தும் ஓடு வலுவிழக்கிறது. அந்த நிலையில் கிளிஞ்சலை மேலும் கூட்டினால், மிகையான கால்சியம் மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவை உடலில் சேர்வதைத் தடுத்து, குறையைப் பெரிதாக்கிவிடும். சுருக்க முட்டைகளும் நீர்த்த வெள்ளைக்கருவும் சேர்ந்து வந்தால், ஐ.பி. எனப்படும் வைரஸ் மூச்சுக்குழல் நோய் முட்டைக்குழாயைத் தாக்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கோடையில் கோழி வாய்திறந்து இரைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, கார்பனேட்டுக்கே தட்டுப்பாடு வருகிறது; வயதான கோழியிலோ முட்டை பெரிதாகும் அளவுக்கு ஓட்டின் எடை கூடுவதில்லை.

ஆகவே ஆய்வகத்துக்கு வரும்போது உடைந்த முட்டையோடு நிறுத்திக்கொள்ளாமல், சுருக்க முட்டைகள், ஓடில்லாத தோல்முட்டைகள், தீவன மாதிரி, தாது உப்புக் கலவையின் விவரச்சீட்டு, தடுப்பூசிப் பதிவேடு ஆகியவற்றையும் கொண்டுவாருங்கள். அவற்றைப் பார்க்கும் வரை கிளிஞ்சலின் அளவை மாற்ற வேண்டாம்.