கான்ஃபரன்ஸ்: அமெரிக்கப் பள்ளி விளையாட்டில் என்ன பொருள்?

‘அத்லெடிக் கான்ஃபரன்ஸ்’ என்பதை அகராதியைப் பார்த்துத் ‘தடகள மாநாடு’ என்று எழுதினால் இரண்டு சொல்லும் பிழை. அமெரிக்கப் பள்ளிகளில் அத்லெடிக் என்றால் ஓட்டமும் தாண்டலும் மட்டும் அல்ல. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, வாலிபால், மல்யுத்தம் எல்லாம் அதில் அடங்கும். கான்ஃபரன்ஸ் என்பதும் மேடை போட்டுப் பேசும் மாநாடு அன்று. ஆண்டுதோறும் தங்களுக்குள் மோதிக்கொள்வது என்று உடன்பாடு செய்துகொண்ட பள்ளிகளின் தொகுதி அது.

‘ஒருங்கே கொண்டுவருதல்’ என்பது இதன் இலத்தீன் வேர்ப்பொருள். அதிலிருந்து ஆங்கிலத்தில் கலந்து பேசுதல், பேசக் கூடும் கூட்டம் என்று பொருள் வளர்ந்தது. கூட்டம் எப்படி விளையாட்டு அமைப்பாயிற்று? 1895 ஜனவரியில் ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள், கல்லூரி விளையாட்டை ஒழுங்குக்குள் கொண்டுவர வழி தேடிச் சிகாகோவில் கூடினார்கள். மறு ஆண்டு, ஏழு பல்கலைக்கழகங்களின் பேராசிரியப் பிரதிநிதிகளைக் கொண்டு நிலையான அமைப்பு உருவானது. அதன் முறையான பெயரிலேயே கான்ஃபரன்ஸ் என்ற சொல் இருந்தது. இன்று ‘பிக் டென்’ எனப்படுவது அதுதான். கூட்டத்தின் பெயர் கூடியவர்கள் மேலேயே ஒட்டிக்கொண்டது. பிற்பாடு உயர்நிலைப் பள்ளிகளும் அச்சொல்லை எடுத்துக்கொண்டன.

நெப்ராஸ்கா, கான்சஸ் போன்ற சமவெளி மாநிலங்களின் சிற்றூர்களுக்கு இந்த ஏற்பாடு ஆடம்பரம் அன்று. நூறு மாணவர்கூடத் தேறாத பள்ளியில் 11 பேர் கொண்ட கால்பந்து அணியைத் திரட்டுவதே பாடு. 1934-ல் நெப்ராஸ்காவின் செஸ்டர் ஊர் ஆசிரியர் ஸ்டீபன் எப்ளர் ஆறுபேர் கால்பந்தை உருவாக்கியது இதனால்தான். அணி கிடைத்தாலும், தன் அளவுள்ள எதிரணி, பஸ் போய்த் திரும்பும் தொலைவில், வாராவாரம் வேண்டுமே! கான்ஃபரன்ஸில் சேர்ந்துவிட்டால் அட்டவணை பெரும்பாலும் தானே நிரம்பிவிடும். பட்டமும் பகையும்கூட உள்ளூரிலேயே கிடைக்கும். ஒரே இரவில் பெண்கள் ஆட்டமும் ஆண்கள் ஆட்டமும் அடுத்தடுத்து நடந்தால் ஒரு பயணத்தில் இரண்டும் முடியும். சில கான்ஃபரன்ஸ்களில் பேச்சு, இசை, வினாடிவினாப் போட்டிகளும் உண்டு.

1939-40-ல் நாடு முழுவதும் சுமார் 1,17,000 பள்ளி மாவட்டங்கள் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்புகள்) இருந்தன; இன்று ஏறத்தாழ 13,000. பள்ளிகள் இணைந்தும் மூடப்பட்டும் போக, உறுப்பினர் குறைந்த கான்ஃபரன்ஸ் பக்கத்துக் கான்ஃபரன்ஸோடு சேரப் பேச்சு நடத்துகிறது. ‘சிறு பள்ளிகள் கைகோத்தன’ என்ற செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘சங்கம்’ வேண்டாம்; மாநிலப் பட்டப் போட்டிகளை நடத்தும் மேலமைப்புக்கு அது தேவை. ‘கூட்டமைப்பு’ ஏற்கெனவே தேசிய, உலக விளையாட்டு அமைப்புகளின் பெயராகிவிட்டது. நம் பள்ளிகளின் ‘குறுவட்டம்’ நெருங்கி வந்தாலும், அது கல்வித்துறை வகுத்துத் தருவது. கான்ஃபரன்ஸிலோ பள்ளிகள் தாமே விரும்பிச் சேர்கின்றன, மனம் மாறினால் விலகுகின்றன. எனவே ‘விளையாட்டுக் கூட்டணி’ என்பதே என் தேர்வு. அரசியல் வாடை அடிக்கிறதே என்பார்கள். அடிக்கட்டும், பள்ளிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைக் ‘கூட்டணி மாற்றம்’ என்றால் விளக்கமே வேண்டியதில்லை. ஒரே ஒரு சிக்கல்: ஆள் போதாத இரு பள்ளிகள் சேர்ந்து ஒரே அணியாக இறங்கும் வழக்கமும் அங்கே உண்டு. அதைக் ‘கூட்டு அணி’ என்றால் குழப்பம் வரும். ‘இணைப்பு அணி’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

தொழில்முறைக் கூடைப்பந்தின் கிழக்கு, மேற்கு கான்ஃபரன்ஸ்களுக்கு இந்தச் சொல் பொருந்தாது. அவை ஒரே லீக்கின் இரு பாதிகள். டெக்சஸ் பள்ளிச் செய்திகளிலும் கவனம் தேவை. அங்கே கான்ஃபரன்ஸ் என்பது மாணவர் எண்ணிக்கைப்படி 1ஏ முதல் 6ஏ வரை பிரித்த தரம். தமக்குள் மோதும் பள்ளிகளின் குழுவுக்கு அங்கே ‘டிஸ்ட்ரிக்ட்’ என்று பெயர். அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேலமைப்பே வகுக்கிறது. ஆகவே அதற்குக் குறுவட்டம் என்ற சொல்லே பொருந்தும்.