முழங்கால் அறுவைக்குப் பின்: மடக்குவதற்கு முன் நீட்ட வேண்டும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம், கால் எவ்வளவு மடங்குகிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். எவ்வளவு நேராக நீள்கிறது என்று கேட்பவர் அரிது. சமதளத்தில் நடக்க 60 முதல் 70 டிகிரி வரை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 90 டிகிரியோ சற்றுக் கூடுதலோ தேவை. முழுமையாக நீளாத காலோ, ஒவ்வோர் அடியிலும் மடங்கிய நிலையிலேயே உடல் எடையைத் தாங்க நேர்வதால், தொடையின் முன்தசை ஓய்வின்றி உழைத்துச் சோர்ந்துவிடுகிறது.

அந்தத் தசை ஏற்கெனவே செயல் குன்றியிருப்பதுதான் பெரிய சிக்கல். அறுவைக்குப் பின் மூட்டுக்குள் நீர் சேர்ந்து மூட்டுறை விரியும்போது, அதிலுள்ள உணர்நரம்புகள் அனுப்பும் செய்தி, முன்தசையை இயக்கும் நரம்பணுக்களைத் தண்டுவடத்திலேயே அடக்கிவிடுகிறது. நலமான முழங்காலுக்குள் சில பத்து மில்லிலிட்டர் உப்புநீரைச் செலுத்திய ஆய்வுகளில், வலி இல்லாதபோதும் இத்தசையின் இயக்கம் குறைந்தது. ஆகவே, காலைத் தூக்க முடியவில்லை என்று நோயாளி சொல்வதைச் சோம்பலாகவோ பயமாகவோ கருதுவது அநியாயம்.

இதனால்தான் பிசியோதெரபிஸ்டுகள் மிக எளிய பயிற்சி ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள். காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்புறத்தால் மெத்தையை அழுத்தியபடி தொடையை இறுக்கி, ஐந்து நொடி பிடித்து விட வேண்டும். சரியாகச் செய்தால் முழங்கால் சில்லு தொடையை நோக்கி மெல்ல நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். அடுத்து, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்குக் கீழே வைத்து, முழங்கால் தன் எடையாலேயே தாழும்படி சில நிமிடங்கள் விட்டுவிடுவது.

துண்டையோ தலையணையையோ முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்வது, அன்பின் மிகுதியால் வீடுதோறும் நடக்கும் தவறு. ஏறத்தாழ 30 டிகிரி மடங்கிய நிலையில் மூட்டுக்குள் அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால், வீங்கிய கால் அந்த நிலையையே நாடுகிறது. இதமாகத்தான் இருக்கும், ஆனால், நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் பின்புறத் திசுக்கள் அந்த அளவிலேயே சுருங்கிவிடுகின்றன.

மடக்குவதற்குக் குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி இடுப்பை நோக்கி இழுத்து, இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். காயம் ஆறும்போது உருவாகும் கொலாஜன் இழைகள், சில்லுக்கு மேலுள்ள மூட்டுறையின் மடிப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தால் முழங்கால் மடங்காது. மாதங்கள் செல்லச்செல்ல அந்த ஒட்டு கெட்டிப்படுகிறது. மெதுவாகக் கொடுத்து நீடிக்கும் இழுவைக்கு இத்திசு இணங்கும். வெடுக்கென்று மடக்கினால் வீக்கம் கூடும். வீக்கம் கூடினால் முன்தசை மறுபடியும் அடங்கிப்போகும். பயிற்சிக்கு மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால், அளவைக் குறைத்து, காலை உயர்த்தி வைத்து ஐஸ் ஒத்தடம் கொடுப்பதே முறை.

இவை மூட்டு மாற்றியவர்களுக்கானவை. கிழிந்த குருத்தெலும்பைத் தைத்தவர்களுக்கு, தையல் ஆறும்வரை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்று மருத்துவர் தடுப்பதுண்டு. எந்த அறுவையானாலும், கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினால் இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும் என்பதால், பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் உடனடியாக அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.