ஹிட்டன் ஃபீல்டில் விலை போகிறதா? ஒருமுறை பார்த்துவிடுங்கள்

ஏலக்காய் வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். ஸ்பைசஸ் போர்டின் இ-ஏலம் இந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும், மலைக்கு மேலே இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நடக்கிறது. சரக்கு லாட் லாட்டாக, அதாவது எண் போட்ட குவியல்களாக வரும். வாங்குபவர் தேர்ந்தெடுத்த லாட்டுகளை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோக, ஜாவா எழுதும் நம் பிள்ளைகள் உடனே கையில் எடுப்பது ஹிட்டன் ஃபீல்டைத்தான், அதாவது பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விவரத்தைச் சுமந்துபோகும் பெட்டியை.

எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் எழுத்தாக உள்ளது மட்டும்தான் போகும். லாட் எண்களின் பட்டியலை வைத்திருக்கும் அர்ரேயை அப்படியே வேல்யூவில் எழுதினால் எண்களுக்குப் பதிலாக 'ஜாவா.லாங்.ஸ்ட்ரிங்' என்பதெல்லாம் கலந்த புரியாத ஒரு சரம் போய்ச் சேரும். கமா போட்டு ஒட்டினாலோ, 'முருகன் ஸ்டோர், கம்பம்' என்ற ஒரே பெயர் இரண்டாக உடையும். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு ஹிட்டன் ஃபீல்ட், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், சர்வரில் அத்தனை மதிப்பையும் சேர்த்து எடுக்கும் கெட்பாராமீட்டர்வேல்யூஸ். இதுதான் சரியான வழி. பழக்கதோஷத்தில் கெட்பாராமீட்டர் என்று எழுதினால் முதல் லாட் மட்டும் வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, பில் மட்டும் குறையும்.

செக்பாக்ஸ் சேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். டிக் செய்யாத பெட்டியை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. முதல் லாட்டை டிக் செய்து, இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதை டிக் செய்தால், வரிசைப்படி கணக்கிடும் சர்வரில் அந்த டிக் இரண்டாவது லாட்டின் மேல் போய் உட்காரும். செக்பாக்ஸின் வேல்யூவிலேயே லாட் எண்ணை வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் கோடு எழுதுபவர் கவலை. கடை முதலாளியின் கவலை வேறு. வெளியூர்க்காரர்கள் லாகின் செய்து ஆர்டர் போடும் பக்கம் ஒன்றைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கிலோ விலையும் எடையும் ஹிட்டன் ஃபீல்டில் போய்க்கொண்டிருந்தன. எஃப்12 அழுத்தி, பக்கத்தின் உள்ளே இருப்பதைக் காட்டும் பிரவுசர் கருவியைத் திறந்து, 2400 என்றிருந்ததில் ஒரு சைபரை அழித்து அனுப்பினேன். கிலோ 240 ரூபாய்க்கு பில் வந்தது. முதலாளி கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்.

"எச்டிடிபிஎஸ் இருக்கிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. விவரத்தைப் பூட்டி அனுப்பும் அந்த முறை, வழியில் ஒட்டுக்கேட்பவனைத் தடுக்கும். கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவரைத் தடுக்காது.

ஆகவே பிரவுசரிலிருந்து லாட் எண் மட்டும் வரட்டும். விலையை டேட்டாபேஸிலிருந்து சர்வரே எடுக்கட்டும். அந்த லாட் இந்த வாடிக்கையாளருக்கு உரியதுதானா என்பதையும் அங்கேயே சோதியுங்கள், ஏனென்றால் லாட் எண்ணையும் மாற்ற முடியும். பல பக்கம் தாண்டும் விவரமென்றால், சர்வரே வைத்துக்கொள்ளும் செஷனில் வையுங்கள். அப்புறம், பெயர்களைப் பக்கத்தில் எழுதும்போது, குறிகளைப் பாதுகாப்பாக மாற்றி எழுதும் சி-அவுட் டேக் வழியாகவே எழுதுங்கள். இல்லையென்றால், பெயரில் வரும் ஒரு மேற்கோள் குறியே ஃபீல்டை உடைத்து அந்நிய ஸ்கிரிப்டுக்கு வழிவிடும்.

மென்பொருள் வாங்குபவர்கள், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் சோதனைச் சர்வரில் உங்கள் கண்ணெதிரே ஒரு விலையை மாற்றி அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். பழைய விலையிலேயே பில் வந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.