38 ஷாட்டுக்கு ஒரே கோல்: காசில்லாத கிளப் எப்படி ஜெயிக்கிறது?

2024 ஜனவரி 27. பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் ஒரே போட்டியில் மோதுகிற இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பை, நான்காவது சுற்று. போர்ட்மேன் ரோடு மைதானத்தில் இப்ஸ்விச் டவுன் அணி 38 முறை கோலை நோக்கிப் பந்தை அடித்தது. எதிரணியான மெய்ட்ஸ்டோன் யுனைடெட் அடித்தது இரண்டே முறை. ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர்: மெய்ட்ஸ்டோன் 2, இப்ஸ்விச் 1.

இங்கிலாந்துக் கால்பந்து லீகுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இப்ஸ்விச் அப்போது இரண்டாம் அடுக்கில் இருந்த அணி. அந்த சீசன் முடிவிலேயே முதல் அடுக்கான பிரீமியர் லீகுக்கு ஏறிவிட்டது. கென்ட் பகுதியைச் சேர்ந்த மெய்ட்ஸ்டோன் ஆறாம் அடுக்கில் ஆடியது. அங்கே மேல் நான்கு அடுக்குகளில் 92 கிளப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே உள்ளதெல்லாம் ‘நான்-லீக்’. பகலில் பூச்சு வேலை, பள்ளிக்கூட வேலை, வேன் ஓட்டும் வேலை, வாரத்தில் இரண்டு சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். அந்த உலகத்தின் பெரும்பகுதி இப்படித்தான் ஓடுகிறது.

அன்றைக்கு நடந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும்.

கால்பந்தில் பொதுவாகப் பத்து ஷாட்டுக்கு ஒன்று கோலாகும். அப்படியானால் 38 ஷாட் அடித்த அணி ஒரு கோலுக்கு மேல் போடாமல் நிற்பதற்கான வாய்ப்பு சுமார் 10 சதவீதம்தான். ஆனால் தடுக்கிற அணி பத்துப் பேரையும் பின்னால் இழுத்து, கோலுக்கு நேரே உள்ள இடத்தை அடைத்து, எதிரியைத் தூரத்திலிருந்தும் ஓரத்திலிருந்தும் மட்டுமே அடிக்க விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இருபது ஷாட்டுக்கு ஒன்றுதான் கோல். அதே 38 ஷாட். ஆனால் ஒரு கோலோடு தப்பிக்கிற வாய்ப்பு 43 சதவீதமாகிவிடுகிறது. ஷாட்டின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை, தரம் மட்டும்தான் குறைந்தது. ஏழை அணி உழைப்பால் சம்பாதிக்கக்கூடியது இதைத்தான். இடம் பிசகாமல் நிற்பதும், பந்து போகும் பக்கமெல்லாம் சேர்ந்து நகர்வதும் சலிக்காமல் பழகினால் வருகிற விஷயங்கள்.

இன்னொரு கணக்கு எனக்கு இதைவிடவும் பிடித்தது. பலமான அணி சராசரியாக 2 கோல், பலவீனமான அணி 0.8 கோல் போடக்கூடிய ஒரு ஆட்டம். பலவீனமான அணி ஜெயிக்க வாய்ப்பு சுமார் 14 சதவீதம், டிரா 20 சதவீதம். இப்போது ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் கோல் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1, 0.4. ஜெயிக்கிற வாய்ப்பு ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. டிரா மட்டும் 36 சதவீதமாக ஏறுகிறது. தோல்வி 65-லிருந்து 50-க்கு இறங்கிவிடுகிறது. கோல் அபூர்வமாக விழுகிற விளையாட்டு என்பதுதான் சின்ன கிளப்புக்குக் கிடைத்த வரம்.

ஆனால் பின்னால் உட்கார்ந்து தடுத்தால் மட்டும் போதாது, எங்கிருந்தாவது ஒரு கோல் வர வேண்டும். மெய்ட்ஸ்டோனுக்கு அது எதிர்த்தாக்குதலில் வந்தது. 2017-இல் ஐந்தாம் அடுக்கில் இருந்த லிங்கன் சிட்டிக்கு கார்னர் கிக்கில் வந்தது. பிரீமியர் லீக் அணியான பர்ன்லியின் மைதானத்தில், 89-ஆவது நிமிடம். கார்னரிலிருந்து வந்த பந்தை ஒருவர் தலையால் குறுக்கே திருப்ப, ஷான் ராகெட் அதைத் தலையால் முட்டினார். பந்து கோட்டைத் தாண்டியதை கோல்லைன் தொழில்நுட்பம்தான் உறுதி செய்தது. நான்-லீக் அணி ஒன்று 103 ஆண்டுகளுக்குப் பிறகு கால் இறுதிக்குப் போனது அந்த ஒற்றைக் கோலால்தான். நின்றுபோன பந்திலிருந்து தொடங்கும் ஆட்டத்துக்குப் பெரிய திறமைசாலிகள் தேவையில்லை. நல்ல உயரமும், யார் எங்கே ஓட வேண்டும் என்ற மனப்பாடமும் போதும். மனப்பாடம் செய்ய வைப்பதில் லிங்கனின் மேனேஜர் டேனி கௌலியும் அவருக்குத் துணையாக இருந்த தம்பி நிக்கியும் கைதேர்ந்தவர்கள். இருவருமே உடற்கல்வி ஆசிரியர்களாக இருந்தவர்கள்.

சரி, ஆளை எங்கே பிடிப்பது?

நான்-லீக் மேனேஜரின் கையில் இருப்பது ‘வார பட்ஜெட்’. உதாரணத்துக்கு வாரம் 2,000 பவுண்டு, 16 பேர் என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 125. கோல் போடுகிற ஒருவருக்கு 400 கொடுத்தால் மற்ற பதினைந்து பேருக்கும் சுமார் 107 ஆகிவிடும். அந்தப் பதினைந்து பேரில் ஒருவர் பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வருகிறவர் என்றால் பாதிக் காசு பெட்ரோலுக்கே போய்விடும். அதனால் மேனேஜர் முதலில் பார்ப்பது மேப்பை. மைதானத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் யார் இருக்கிறார், யாரோடு யார் ஒரே காரில் வரலாம் என்பதும் ஆள் எடுப்பதில் சேர்த்திதான்.

அடுத்தது ஒப்பந்தம். ஒப்பந்தம் இல்லாத வீரரை வேறு கிளப் இழுக்க நினைத்தால், அவருடைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு பேசலாம், கூட்டிக்கொண்டும் போகலாம். வளர்த்த கிளப்புக்குக் காசு வராது. ஒப்பந்தம் போட்டால், அவரை வாங்க வருகிற கிளப்பிடம் மாற்றுத் தொகை கேட்கலாம். ஆனால் அவர் காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு தப்பான ஒப்பந்தம் அந்த சீசன் முழுவதும் கையைக் கடிக்கும். யாருக்கு ஒப்பந்தம், யாருக்கு வேண்டாம் என்று முடிவு செய்வதில்தான் நல்ல மேனேஜரின் கண் தெரிகிறது என்பேன்.

பெரிய கிளப்புகள் கழித்துவிட்ட பையன்கள்தான் இந்தச் சந்தையின் முக்கியச் சரக்கு. ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வெட்னஸ்டே 16 வயதில் அனுப்பிவிட்டது. ஆள் சின்னதாக இருக்கிறார் என்பது காரணம். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் அணியில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடினார். பகலில் மருத்துவத் தாங்குபட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. 2010-இல் ஹாலிஃபாக்ஸ் 15,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. பிறகு ஃப்ளீட்வுட். 2012-இல் லெஸ்டர் சிட்டி கொடுத்தது 10 லட்சம் பவுண்டு. 2016-இல் அந்த அணி பிரீமியர் லீக் சாம்பியன். பதினாறு வயது உடம்பைப் பார்த்து இருபத்தைந்து வயது வீரரை யாராலும் முழுக்கக் கணிக்க முடியாது. அந்தக் கணிப்பு தவறுகிற இடத்தில்தான் சின்ன கிளப்பின் வாழ்க்கை இருக்கிறது. மெய்ட்ஸ்டோனின் அன்றைய மேனேஜர் ஜார்ஜ் எலோகோபியே டல்விச் ஹாம்லெட் என்ற நான்-லீக் அணியிலிருந்து மேலே போனவர்.

சம்பளத்துக்கான காசு எங்கிருந்து வருகிறது? டிக்கெட், கேன்டீன், பிறகு கோப்பை ஆட்டங்கள். டிராவானால் மறு ஆட்டம், அதற்கு இன்னொரு வசூல் என்றிருந்தது. 2017-இல் லிங்கன் இதே இப்ஸ்விச்சோடு 2-2 டிரா செய்து, மறு ஆட்டத்தில் 1-0 என்று ஜெயித்துத்தான் மேலே போனது. 2024-25 சீசனிலிருந்து முதல் சுற்று தொடங்கி மறு ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மேலே சொன்ன 36 சதவீத டிரா வாய்ப்பின் மதிப்பு அதோடு பெரிதும் சரிந்தது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற முடிவு.

நிலையான வரும்படிக்கு மெய்ட்ஸ்டோன் கண்ட வழி செயற்கைப் புல். மழையிலும் குளிரிலும் இயற்கைப் புல் வாரத்துக்கு ஓரிரு ஆட்டம்தான் தாங்கும். செயற்கைத் தரையை ஏழு நாளும் வாடகைக்கு விடலாம். சிறுவர் அணிகள் ஆடலாம், பெண்கள் அணி ஆடலாம், மழையால் ஆட்டம் தள்ளிப்போவதும் குறையும். 2012-இல் புது மைதானம் திறந்தபோதே அவர்கள் அதைத்தான் போட்டார்கள்.

ஆனால் மேல் நான்கு அடுக்குகளில் செயற்கைப் புல்லுக்கு அனுமதி இல்லை. 2021-இல் நான்காம் அடுக்குக்கு ஏறிய சட்டன் யுனைடெட், தன்னை வளர்த்த தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏறிய ஹாரோகேட் டவுனுக்கும் அதே கதி. புதுப் புல் தயாராகும்வரை அவர்கள் ‘சொந்த மைதான’ ஆட்டங்களை டான்காஸ்டரில் போய் ஆடினார்கள்.