படம் எடுத்த தட்டைக் குழந்தையிடம் நீட்டாதீர்கள்

சாப்பாட்டின்மேல் குட்டிப் பொம்மைகளை நிறுத்தி மினியேச்சர் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த வாரமும் ஒரு போன். ப்ராக்கோலியில் காடு, அதில் மரம் வெட்டும் குட்டி ஆட்கள். படம் பிரமாதம். எடுத்து முடித்த கையோடு அதே ப்ராக்கோலியைக் குழந்தைக்கு ஊட்டியிருக்கிறார்கள். அப்புறம் எண்ணிப் பார்த்தால் ஒரு பொம்மையைக் காணோம்.

வகுப்பில் தொண்டை கிழியச் சொல்கிறேன். வருகிற பதில் ஒன்றுதான்: “சாப்பாடுதானே சார், வீணாக்கலாமா?” செட் போடும்வரைதான் அது சாப்பாடு. பொம்மையின் காலடியில் ஒரு துளி சூப்பர் க்ளூ வைத்தீர்கள். பனித்துளி வழியாமல் நிற்கக் கிளிசரின் தெளித்தீர்கள். மரம் சாயாமலிருக்கப் பல்குச்சியை உடைத்து உள்ளே செருகினீர்கள். குச்சி வெளியே தெரியாததுதானே உங்கள் சாமர்த்தியம்? சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. ரயில் மாடல்களுக்கென்று விற்கும் 1:87 அளவுப் பொம்மை இரண்டு சென்டிமீட்டர் உயரம்தான். ஒரு வாய்க்குள் காணாமல் போய்விடும்.

“க்ளூவே போடவில்லை, சூடு பண்ணித்தான் கொடுத்தோம்” என்பார்கள் அடுத்து. இதைக் கேட்டால்தான் எனக்கு எரிச்சல் வரும். இவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது லென்ஸின் திறப்பை எஃப் 11 வரை சுருக்கினாலும் காட்சி முழுவதும் துல்லியமாக வராது. ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து, பிறகு ஒரே படமாக அடுக்க வேண்டும்; எடுத்து முடிக்கவே நேரம் பிடிக்கும். அதுவரை சோறும் முட்டையும் க்ரீமும் விளக்கடியில் கிடக்கும். சமைத்த உணவு வெளியே 2 மணி நேரம் இருக்கலாம். 32 டிகிரியைத் தாண்டிய சூட்டில் 1 மணி நேரம்தான். அதற்குமேல் போனால், சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

வீணாக்க மனமில்லையா? நல்ல காயைச் செட்டில் வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிடுங்கள். முற்றியதும் சொட்டையானதும் செட்டுக்குப் போதும், கேமரா ருசி பார்க்காது. பொம்மைகளை, குச்சிகளை முன்னும் பின்னும் எண்ணுங்கள்.

குட்டி வீட்டுக்குள் விளக்கெரிய வைக்கும் பட்டன் பேட்டரியைப் பற்றி மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். ஸ்க்ரூ போட்டு மூடிய பெட்டியில் இல்லாவிட்டால், குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். தொண்டைக்குக் கீழே சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை வெந்துபோகச் செய்யும். தீர்ந்த பேட்டரியும் அப்படித்தான். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகமே போதும்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

பேட்டரி எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் பொம்மையும் மரக்குச்சியும் பெரும்பாலும் தெரியாது. அதனால் செட்டில் மிச்சமிருக்கும் பொம்மை ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.