ஆங்கிலம் வருகிறது, கட்டுரை மட்டும் ஏன் இடறுகிறது?

நவம்பர் கடைசி. மாலை நான்கரைக்கே இருட்டிவிட்ட ஒரு நாளில் அந்த மாணவி என் அறைக்கு வந்தார். கையில் கட்டுரையின் முதல் வரைவு. முதல் பக்க ஓரத்தில் பேராசிரியர் பென்சிலால் இரண்டே சொல் எழுதியிருந்தார்: ‘ஸோ வாட்?’

“அதனால என்னன்னு கேட்டிருக்காங்க மேம். நான் எழுதினது எதுக்குமே உதவாதுன்னு அர்த்தமா?” என்று கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆங்கில மொழி கற்பித்தல், கல்வியியல் என்று முதுகலை படிக்க வரும் நம் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இவர் திருவண்ணாமலைப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, பிறகு பி.ஏ. ஆங்கில இலக்கியம், பி.எட்., மூன்று வருடம் தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 9க்கு 7 வாங்கியவர். வரைவில் இலக்கணப் பிழை தேடினாலும் கிடைக்கவில்லை.

ஆங்கிலம் உலக மொழி என்று தொடங்கி, இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்காக வாதாடி 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பு, 1968இல் தமிழ்நாடு எடுத்த இருமொழிக் கொள்கை, உரையாடல்வழிக் கற்பித்தலின் பயன்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் இவர் என்ன சொல்கிறார் என்பது இரண்டு பக்கம் தாண்டியும் வரவில்லை. ‘இவ்வளவும் சொன்னாயே, இதை வைத்து நீ என்ன சொல்ல வருகிறாய்?’ என்பதுதான் அந்தப் பென்சில் கேள்வி. இங்கே அது அவமதிப்பே இல்லை. கவனமாகப் படித்தவர்தான் அப்படிக் கேட்பார்.

நம் தேர்வுகள் பழக்கிய எழுத்து வேறு. துணைத்தலைப்பு போட்டு, மேற்கோளுக்கு அடிக்கோடிட்டு, எத்தனை பாயிண்ட் எழுதினோமோ அத்தனை மதிப்பெண். ஐஇஎல்டிஎஸ்ஸும் இந்த இடைவெளியை நிரப்பாது. அதன் எழுத்துத் தேர்வில் பெரிய கட்டுரைக்கு 40 நிமிடம், 250 சொல், ஒரு நூலைக்கூடப் படித்திருக்க வேண்டியதில்லை. இங்கே வந்ததும் நாலாயிரம் சொல்லில், பத்திருபது ஆய்வுகளை எடைபோட்டு எழுதச் சொல்வார்கள். படிப்போ ஒரே வருடம். செப்டம்பரில் சேர்ந்தால் கிறிஸ்துமஸை ஒட்டி முதல் கட்டுரை கழுத்தில் நிற்கும்.

மதிப்பெண்ணையும் சொல்லிவிடுகிறேன். முதுகலையில் பொதுவாக 50 எடுத்தால் தேர்ச்சி, 70 வாங்கினாலே மிக உயர்ந்த தரம். ஊரில் 85க்குப் பழகிய பிள்ளை 58ஐப் பார்த்து அன்றிரவு சாப்பிடாமல் படுத்துவிடுகிறது. 58 கௌரவமான மதிப்பெண்.

அந்த மாணவியை இன்னொன்றும் உறுத்திக்கொண்டிருந்தது. ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1966இல் வரைந்த ஒரு படத்தை விரிவுரையில் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலப் பத்தி நேர்கோடு, கீழைநாட்டார் பத்தி சுருள். “நம்ம யோசனையே சுத்தி வளைச்சுதான் போகும் போல மேம்” என்றார். இந்த ஒரு படம் எத்தனை பிள்ளைகளின் தன்னம்பிக்கையைக் குலைத்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவள் என்பதால், இங்கே எனக்குக் கோபம் வரும்.

அன்று நன்னூல் பாயிரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நூல் எழுதுகிறவன் கொள்ள வேண்டிய நிலைப்பாடுகளாகப் பவணந்தியார் எழுவகை மதம் சொல்கிறார். உடன்படல், மறுத்தல் என்று தொடங்கும் பட்டியல். ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’ என்றால், பிறர் கருத்தை முதலில் ஏற்றுச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது. ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு’ என்றால், இருவர் முரண்படும்போது ஒரு பக்கத்தைத் துணிந்து எடுப்பது. பேராசிரியர்கள் ‘கிரிட்டிக்கல்’ என்ற ஒற்றைச் சொல்லால் கேட்பது இதைத்தான். யார் சொன்னது என்று காட்டும் ஒழுக்கமும் நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் நெடுக ‘என்மனார் புலவர்’ என்று வருகிறது. பரிமேலழகர் திருக்குறள் உரையில் பிறர் கொண்ட பாடத்தையும் பொருளையும் எடுத்துச் சொல்லி ஏன் பொருந்தாது என்று வாதிடுகிறார். சுருளாவது ஒன்றாவது! பள்ளியில் செய்யுளை மனப்பாடம் செய்யவைத்தார்கள், உரையின் வாதத்தைப் பின்தொடரக் கற்றுத்தரவில்லை. குறை அங்கேதான்.

அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த வரைவின் ஓரங்களில் தமிழில் பென்சில் குறிப்புகள்: ‘இங்கே உடன்படல்’, ‘இங்கே களைவு’. இரண்டாம் பத்தியின் முதல் வாக்கியத்திலேயே அவர் கருத்து வந்திருந்தது: ஐம்பது பிள்ளைகளும் பொதுத்தேர்வும் உள்ள வகுப்பறையில், தமிழில் ஒரு வரி விளக்குவது ஆங்கிலம் கற்பதைக் கெடுப்பதில்லை. அதைச் சொல்ல அவரிடம் மூன்று வருட அனுபவம் இருந்தது. முதல் வரைவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. “நான் சாதாரண ஸ்கூல் டீச்சர், என் அனுபவத்தை எல்லாம் எழுதலாமா?” என்று தயங்கியிருக்கிறார். எழுதலாம், எழுத வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துப் பிறகு அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா, அப்படிப்பட்ட வகுப்பறை அனுபவத்திலிருந்துதான் உலக ஆங்கிலக் கல்வித்துறையோடு வாதாடினார்.

பேராசிரியர்களின் பேச்சையும் பெயர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ‘யூ மைட் வாண்ட் டு கன்சிடர்’ என்று எழுதியிருந்தால், விருப்பமிருந்தால் செய் என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது ‘மாற்றியே ஆக வேண்டும்’ என்பதுதான். ‘க்வைட் குட்’ என்பது ‘பரவாயில்லை’, அவ்வளவே. அதேபோல, பெரியவர் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பது நமக்கு மரியாதை. கலந்துரையாடல் வகுப்பில் அதே மௌனத்தை, படிக்காமல் வந்திருக்கிறார் என்று வாசிக்கிறார்கள். ஒரே ஒரு கேள்வியை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள், முதல் பதினைந்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போக வாய் திறப்பது கஷ்டம்.

கெடு நெருங்கும்போது ‘அசைன்மென்ட் எழுதித் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் ஆள் வரும். இப்படி எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குவது இங்கிலாந்தில் 2022 முதல் குற்றம். வாங்குகிற மாணவர் படிப்பையே இழக்கலாம், அதோடு விசாவும் போகும். பணம் வாங்கிய ஆளே பிறகு காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டுவதும் நடக்கிறது. என் போன்றவர்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கிறோம், கட்டணம் கிடையாது. கட்டுரையைக் கொடுத்த பிறகு வராதீர்கள், வெற்றுத்தாளோடு வாருங்கள்.

கடன் வாங்கிக் கிளம்புவதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஆங்கிலம் கற்பித்தலிலோ கல்வியியலிலோ எம்.ஏ. முடித்தால் இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் தகுதி தானாக வந்துவிடாது, அதற்கான பயிற்சி தனி. நம் ஊர் பி.எட்.டுக்கும் டெட் தேர்வுக்கும் இந்த எம்.ஏ. ஈடாகாது. பிரிட்டிஷ் ஓராண்டு முதுகலையை ஏற்றுக்கொள்வதாக இந்தியாவும் பிரிட்டனும் 2022 ஜூலையில் ஒப்பந்தம் செய்தன, உண்மைதான். ஆனாலும் நீங்கள் குறிவைக்கும் வேலைக்கு இந்தப் பாடம் பொருந்துமா என்பதை, ஏஜென்ட்டிடம் கேட்காமல் அந்த வேலையைத் தரப்போகிறவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.