176 டிகிரியில் கொதிக்கிற எண்ணெய் 130-லேயே எப்படிக் கிளம்புகிறது?

அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர், இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறவர், ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "அண்ணாச்சி, இங்க காய்ஞ்ச மூலிகையைப் போட்டுச் சூடாக்கி இழுக்குற கருவின்னு கையடக்கமா ஒண்ணு விக்காவ. நெருப்பு கிடையாது, புகை வராதுங்காவ. சளி பிடிச்சா தைல மர இலையும் ஓமமும் போட்டு இழுக்கலாம்னு ஒரு யோசனை. எதைப் பாத்து வாங்கணும், எத்தனை டிகிரியில வைக்கணும்?"

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லீவுக்கு ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. இந்தியாவில் 2019-ல் வந்த மின்சிகரெட் தடைச் சட்டம், பொருளைச் சூடாக்கி இழுக்க வைக்கிற மின்கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கிறது. உள்ளே நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எதற்கும் அனுமதி இல்லை. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே 2017 முதல் மருத்துவர் சீட்டின் பேரில் கஞ்சா கிடைக்கிறது, இந்தக் கருவிகளும் பெரும்பாலும் அதற்காகத்தான் உருவானவை, துட்லிங்கன் என்ற ஊரில் இருக்கும் ஸ்டோர்ஸ் அண்ட் பிக்கெல் கம்பெனி மருத்துவச் சான்றிதழோடேயே செய்து விற்கிறது. நம் நண்பர் கேட்பது தைல இலைக்கும் ஓமத்துக்கும், அதனால் அதோடு நிற்கிறேன்.

புகைக்கும் ஆவிக்கும் உள்ள வித்தியாசம் பள்ளிக்கூடத்துப் பாடம்தான். இலையைக் கொளுத்தினால் செல்லுலோஸும் அதன் கூட்டாளிகளும் உடைந்து கார்பன் மோனாக்சைடு, பென்சீன், தார் என்று புதிதாக நூற்றுக்கணக்கான பொருட்கள் பிறக்கின்றன. இழுக்கும்போது சிகரெட் நுனி 900 டிகிரி செல்சியஸ் பக்கம் போகும். கொளுத்தாமல் சூடு மட்டும் காட்டினால் இலையில் ஏற்கெனவே இருக்கிற வாசனை எண்ணெய் மட்டும் கிளம்பி வரும், இலை அப்படியே இருக்கும். 220 டிகிரியைத் தாண்டினால் இலையின் உடம்பே மெல்ல உடைய ஆரம்பிக்கும், ஆகவே அதற்குக் கீழேயே நிற்க வேண்டும். கருவியின் வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

தைல மர இலையின் முக்கியமான எண்ணெய்க்கு சினியோல் என்று பெயர். அதன் கொதிநிலை 176 டிகிரி. ஓமத்தின் வாசனைக்குக் காரணமான தைமால் 232 டிகிரியில் கொதிக்கும். ஆனால் நான் சொன்ன ஜெர்மன் கம்பெனியின் கையேட்டைத் திறந்தால், தைல இலைக்கு 130 டிகிரி வையுங்கள் என்று இருக்கிறது. தைம் என்ற செடிக்கு, அதிலும் நம் ஓமத்தில் இருக்கிற அதே தைமால்தான், 190 என்று போட்டிருக்கிறார்கள். இரண்டுமே கொதிநிலைக்கு நாற்பது டிகிரிக்கு மேல் கீழே! கொதிக்காத எண்ணெய் எப்படி ஆவியாக வெளியே வருகிறது?

மாடிக் கொடியில் காயப்போட்ட வேட்டியைப் பாருங்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம், ஆனால் வேட்டி 35 டிகிரியிலேயே காய்ந்துவிடுகிறது. அதுவும் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மலை தாண்டி வறண்டு இறங்கும் காற்று அடித்தால் உளுந்து வடை தின்று முடிப்பதற்குள் காய்ந்துவிடும். எந்தத் திரவத்தின் மேல்பரப்பிலிருந்தும், எந்த வெப்பநிலையிலும், வேகமான மூலக்கூறுகள் பிய்த்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும். அப்படிப் போனவை மேலே நின்று தள்ளுகிற தள்ளலுக்கு ஆவியழுத்தம் என்று பெயர். தண்ணீருக்கு அது 30 டிகிரியில் பாதரச அளவில் 32 மில்லிமீட்டர், 60-ல் 149, 90-ல் 526, 100-ல் 760. ஏறுகிற விதத்தைக் கவனியுங்கள், முதல் முப்பது டிகிரியில் நூற்றுச் சொச்சம்தான் கூடுகிறது, அடுத்த முப்பதில் முந்நூற்றைம்பதுக்கு மேல் கூடிவிடுகிறது. 760 என்பது நம் தலைக்கு மேலே இருக்கிற காற்று மண்டலத்தின் அழுத்தம். ஆவியழுத்தம் அதை எட்டிப் பிடிக்கும்போதுதான் திரவத்தின் நடுவயிற்றிலும் குமிழி உண்டாக முடியும். அதைத்தான் கொதிப்பது என்கிறோம். குமிழி வருவதற்கும் ஆவி வருவதற்கும் முடிச்சுப் போட வேண்டியதே இல்லை.

இலைக்குள் இருக்கிற எண்ணெய்க்குக் குமிழியே தேவை இல்லை. துளசியில் அது இலையின் மேலே கண்ணுக்குத் தெரியாத சுரப்பி மயிர்களின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. தைல இலையில் சதைக்குள் சின்னச் சின்னப் பைகளாக இருக்கிறது, வெயிலுக்கு நேராகப் பிடித்தால் புள்ளிபுள்ளியாக வெளிச்சம் விழுவது அதனால்தான். இவ்வளவு நுண்ணிய துளிகளாகப் பிரிந்து கிடக்கும்போது அளவுக்கு மிஞ்சிய மேல்பரப்பு கிடைத்துவிடுகிறது. மேலே காற்று ஓடிக்கொண்டே இருந்தால், வெளியே வந்த மூலக்கூறுகளை அது அள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பி வந்து ஒட்ட விடாது. ஆகவே ஒரு வாசனை எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிப்பது சூடும் காற்றோட்டமும் சேர்ந்துதான். 25 டிகிரியில் சினியோலின் ஆவியழுத்தம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர், கிராம்பில் இருக்கிற யூஜினாலுக்கு அதில் நூறில் ஒரு பங்குதான். தைல இலையைக் கசக்கினாலே மூக்கில் ஏறுவதும், கிராம்பைக் கடித்தால்தான் முழு வேகம் தெரிவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

நம் வீட்டு வேதுவும், அதாவது ஆவி பிடிப்பதும், இதே விதியில்தான் நடக்கிறது, இன்னும் அழகாக. நொச்சியும் தைல இலையும் போட்ட பானையில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகவே முடியாது. ஆனாலும் 176 டிகிரி எண்ணெய் மூக்குக்கு வந்து சேர்கிறதே! தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, அதனால் பக்கத்தில் மற்றது இருப்பதே தெரியாததுபோல ஒவ்வொன்றும் தன் முழு ஆவியழுத்தத்தையும் கொடுக்கிறது. இரண்டின் கூட்டுத்தொகை 760-ஐத் தொட்டால் போதும், பானை கொதிக்கும். தண்ணீரின் பங்கோடு எண்ணெயின் பங்கும் சேர்வதால் 100-க்குச் சற்று முன்பாகவே கொதி வந்து, நீராவியோடு எண்ணெயும் கிளம்பிவிடுகிறது. புல்தைலம் காய்ச்சுகிறவர்கள் அடுப்பில் செய்வதும், கிராம்பெண்ணெய் எடுக்கிறவர்கள் செய்வதும் இதுவேதான். வேதில் நீராவி தூக்கிக்கொண்டு வருவதைக் கையடக்கக் கருவியில் சூடான காற்று தூக்கிக்கொண்டு வருகிறது.

இது புரிந்தால் இணையத்தில் சுற்றுகிற கொதிநிலை அட்டவணைகளை நம்பி டிகிரி வைக்கமாட்டீர்கள். அவற்றில் கஞ்சாவில் போதை தருகிற பொருளான டி.எச்.சி.க்கு 157 டிகிரி என்று ஒரு எண் எல்லா இடத்திலும் இருக்கும். அது ஆய்வுக்கூடத்தில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெறும் 0.05 மில்லிமீட்டர் அழுத்தத்தில் வடித்தபோது எடுத்த அளவு. அழுத்தத்தைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் ஒருவர் எழுத, அடுத்தவர் பார்த்து எழுத, அப்படியே ஊர் சுற்றுகிறது.

சரி, வாங்குவதற்கு வருவோம். இரண்டு வகை உண்டு. ஒன்றில் இலை கிடக்கிற குழியின் சுவரே சூடாகும், இன்னொன்றில் காற்று சூடாகி இலைக்குள் புகுந்து வரும். சுவர் சூடாகும் வகை விலை குறைவு, ஆனால் ஓரத்து இலை கருகும்போது நடுவில் இருப்பது பச்சையாகவே இருக்கும், பாதியில் ஒரு தடவை கிளறிவிட வேண்டும். தள்ளி வைத்தாலும் அது வெந்துகொண்டே இருக்கும். காற்று சூடாகும் வகையில் இழுக்கும்போது மட்டும் சூடு போகும், வாசனை சுத்தமாக வரும், நான் வாங்குவதானால் அதைத்தான் வாங்குவேன். அதற்கு என்ன சக்தி வேண்டும் என்று ஒரு கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் காற்றின் எடை 1.2 கிராம். அதை 30-லிருந்து 190 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 190 ஜூல் போதும். நிதானமாகப் பத்து நொடியில் ஒரு லிட்டர் இழுத்தால் 19 வாட். மூன்று நொடியில் வெடுக்கென்று இழுத்தால் அறுபது வாட்டுக்கு மேல், சின்னச் சூடேற்றி அதற்குத் திணறும், இலைக்கு ஆறிய காற்றுதான் போய்ச் சேரும். மெதுவாக இழுக்கச் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

திரையில் தெரிகிற எண் சூடேற்றியின் வெப்பநிலைதான், இலையினுடையது இல்லை. அதனால் ஒரு கருவியின் 190 இன்னொன்றின் 190-க்குச் சமமாக இருக்காது. ஒவ்வொரு டிகிரியாக மாற்ற முடிகிற கருவியாகப் பாருங்கள், சிவப்பு, பச்சை விளக்கு மட்டும் எரிகிறதை விட்டுவிடுங்கள். காற்று வருகிற வழி கண்ணாடி, பீங்கான், துருப்பிடிக்காத எஃகு இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கோ பசையோ சூடான இடத்தில் இருந்தால் வேண்டாம். பேட்டரி கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது, லித்தியம் பேட்டரிதான் முதலில் சாகும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். புதிதாக வாங்கியதும் வெறுமனே முழுச் சூட்டில் ஒன்றிரண்டு தடவை ஓட விடுங்கள், தொழிற்சாலை எண்ணெய் வாடை போகட்டும்.

இலை ஏன் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. குழியில் 0.2 கிராம் இலை இருந்து, அதில் பத்தில் ஒரு பங்கு ஈரம் என்றால் 0.02 கிராம் தண்ணீர். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2260 ஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும், ஆக இந்தத் துளிக்கே 45 ஜூல். மொத்த இலையையும் 190 டிகிரிக்குச் சூடாக்க வேண்டியதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அந்தத் துளி ஈரம் இலைக்கு வர வேண்டிய சூட்டில் பாதியை வாங்கிக்கொள்கிறது. நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் சினியோல் முதலில் போய்விடும். காய்ந்த இலையைக் கரகரப்பாகக் கசக்கினால் போதும், மாவாகப் பொடித்தால் காற்று நுழையாது, தூள் தொண்டைக்குப் போகும். தைல இலைக்கு 130-ல் தொடங்குங்கள், ஓமத்தை லேசாகத் தட்டி 190. இரண்டையும் கலந்து போட்டால் தைல வாசனை முதலில் தீர்ந்துவிடும், தனித்தனியாகப் போடுவதே சரி.

இவ்வளவும் சொன்னாலும் மனதில் இருக்கிறதை எழுதிவிடுகிறேன். சளி பிடித்த நெஞ்சுக்கு இதனால் குணம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். மூக்கு திறந்த மாதிரி ஓர் உணர்வு வரும், அவ்வளவுதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த எண்ணெய்களே இழுப்பைக் கிளப்பிவிடக்கூடும், அவர்கள் தொடவே வேண்டாம். "இயற்கைதானே, என்ன செய்துவிடும்" என்கிற பேச்சுதான் எனக்குப் பெரிய பயம். 2019-ல் அமெரிக்காவில் மின்சிகரெட் கருவியில் எண்ணெய்க் குப்பி மாட்டி இழுத்தவர்களுக்கு நுரையீரல் வெந்துபோய், 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்டது வைட்டமின் ஈ அசிட்டேட், தோலில் பூசினால் ஒன்றும் செய்யாத பொருள். வயிறு தாங்குவதை நுரையீரல் தாங்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. நம் பக்கத்தில் ஆஸ்துமாவுக்கு ஊமத்தை இலைப் புகை பிடிக்கிற வழக்கம் இருந்தது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சென்னையிலிருந்து இங்கிலாந்து வரைக்கும் போனது. மூச்சுக்குழாயை அது விரிப்பது உண்மை, அதிலிருக்கிற அட்ரோபின்தான் காரணம். ஆனால் இலைக்கு இலை அளவு மாறும், கொஞ்சம் கூடினால் பிதற்றலும் மரணமும்தான். யாரும் ஊமத்தையோ அரளியோ எந்தக் கருவியிலும் போட்டுவிடாதீர்கள்.

சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் வேது ஒன்று, புகை இன்னொன்று. இரண்டையும் வேறு வேறாக எண்ணிய முன்னோர்களின் கூர்மையை நான் மதிக்கிறேன். அந்த மதிப்பைக் காட்டுகிற வழி அளந்து பார்ப்பதுதான். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பக்கத்திலேயே பொதிகை மலை இருக்கிறது. நொச்சி வேதில் எந்தப் பொருள், எத்தனை மில்லிகிராம், மூச்சுக்குழாயில் எதுவரை போகிறது, ஆவி பிடித்தவருக்கும் வெறும் வெந்நீர் ஆவி பிடித்தவருக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வருஷா வருஷம் பணம் ஒதுக்க வேண்டும். பாரம்பரியத்தைப் பற்றி மேடை போட்டுப் பேச ஆகிற செலவை ஆய்வுக்கூடத்துக்குத் திருப்பினாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும். கொரோனா இரண்டாம் அலையில் தெருவில் வைத்து ஊருக்கே ஆவி பிடிக்க வைத்தார்களே, அப்போது கையில் அளவுகள் இருந்திருந்தால் அந்த ஆபத்தான கூட்டம் கூடியிருக்காது.

அப்புறம் கருவியைச் சுத்தம் செய்வது. குழியிலும் குழாயிலும் பிசின் மாதிரி பழுப்பாக ஒட்டும், அடுத்த தடவை சூடாக்கும்போது கருகி நாறுவது அதுதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, முழுக்கக் காய்ந்து வாடை போன பிறகே சூடேற்றுங்கள். கொட்டுகிற இலையின் நிறத்தையும் பாருங்கள். வறுத்த மல்லி நிறத்துக்குள் இருந்தால் சூடு சரி, கறுப்பு தட்டியிருந்தால் அடுத்த தடவை பத்து டிகிரி குறையுங்கள்.